இட்லி மாவும் நில உபயோகத் திட்டமும்

எங்க ஊர்ல நிலம் வாங்க முடியாது. கையில காசு இல்லைங்கறது வேற கதை. காசு இருந்தாலும் விக்க ஆள் கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப்புக்குள்ள வீடு, ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம், ரோட்டோரத்து மரம்னு எல்லாமே ஒரே கம்பெனியோட இடத்துல இருக்கு. காலேஜ்ல சேர்ந்த புதுசுல "சொந்த ஊர் எது?"ன்னு கேட்டா நெய்வேலின்னு உடனே சொல்லிடுவேன். "அங்க சொந்த வீடா?"ன்னு அடுத்த கேள்வி வரும். அங்கதான் கொஞ்சம் திணறும். சொந்த ஊர், ஆனா சொந்த வீடு இல்ல. அந்த ஊர்ல யாருக்குமே சொந்த வீடு இல்ல.

அதனாலயோ என்னவோ, நகரத் திட்டம், நில உபயோகம்னு பாடத்துல வரும்போதெல்லாம் எனக்கு எங்க ஊர் ஞாபகம்தான் வரும். மத்த பசங்க தூங்குற கிளாஸ் அது :-) ஒரு நகரத்தோட நில உபயோகத் திட்டத்தைத் தளர்த்தலாமா, எவ்வளவு தளர்த்தலாம், யாருக்காகத் தளர்த்தணும்னு கொஞ்ச நாளா மண்டையில ஓடிக்கிட்டு இருக்கு. அதைத்தான் இங்க கொட்டப் போறேன். நீளமான பதிவு, டீ காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல, நில உபயோகத் திட்டம்னா என்ன? நகரத்தோட வரைபடத்தை எடுத்து கலர் அடிக்கிறது. இந்த இடம் குடியிருப்பு, இந்த இடம் வணிகம், இது தொழிற்சாலை, இது விவசாயம், இது பூங்கா. கலர் அடிச்ச பிறகு குடியிருப்புக் கட்டத்துல தொழிற்சாலை வைக்க முடியாது, விவசாயக் கட்டத்துல மனை போட முடியாது. தமிழ்நாட்டுல இதுக்கு அடிப்படை 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். அந்தக் கலரை மாத்தறதுக்கும் அதே சட்டத்துல வழி இருக்கு. நாளிதழ்ல பொடி எழுத்துல "நில உபயோக மாற்றம், ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும்"னு ஒரு அறிவிப்பு வரும் பாருங்க, சர்வே நம்பர் எல்லாம் போட்டு. நாம சினிமாப் பக்கத்துக்குப் போற அவசரத்துல தாண்டிப் போற அந்தக் கட்டம்தான் சில ஊரோட தலையெழுத்தையே மாத்திடும்.

இந்த யோசனை நமக்குப் புதுசு ஒண்ணும் இல்ல. சிலப்பதிகாரத்துல புகார் நகரத்தை இளங்கோ எப்படிப் பிரிக்கிறார்னு பாருங்க. கடலோரமா மருவூர்ப்பாக்கம், அங்க வணிகரும் கைவினைஞரும். உள்பக்கமா பட்டினப்பாக்கம், அங்க அரசன் தெருவும் பெரிய குடிகளும். ரெண்டுக்கும் நடுவுல நாளங்காடி, அதாவது பகல் சந்தை. கிட்டத்தட்ட ஒரு நில உபயோக வரைபடம்தான். ஆனா இதே பழைய யோசனைக்கு ஒரு அசிங்கமான முகமும் உண்டு. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், அக்ரஹாரம் தனி. எந்த அலுவலகமும் வரைபடம் போட்டுக் கொடுக்கல, ஆனாலும் யார் எங்க குடியிருக்கலாம்னு கோடு கிழிச்சாச்சு. அந்தக் கோட்டைத் தாண்டுறது இன்னிக்கும் எத்தனை கஷ்டம்னு கிராமத்துல இருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க.

நவீன காலத்து மண்டலப் பிரிப்புக்குப் பெரிய பலம் கொடுத்தது அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்து யூக்ளிட்ங்கற சின்ன ஊர். எங்க ஊர்ல இந்த இடத்துல தொழிற்சாலை கூடாதுன்னு அவங்க விதி போட்டாங்க. நிலம் வச்சிருந்த ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. 1926ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொல்லிடுச்சு. பன்னி கெட்டது இல்ல, பட்டியில இருக்க வேண்டியது கூடத்துக்கு வந்தாதான் பிரச்சனைங்கற மாதிரி ஒரு வாதம் அந்தத் தீர்ப்புல வருது. நியாயமான வாதம்தான். அனல் மின் நிலையத்துச் சாம்பல் காத்துல பறந்து வந்து கொடியில காயப்போட்ட வெள்ளைச் சட்டையில உக்காரும்போது அந்த நியாயம் எங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே புரியும்.

இப்ப நெய்வேலிக்கு வருவோம். 1956ல நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஆரம்பிச்சாங்க. (2016லேர்ந்து என்.எல்.சி. இந்தியா லிமிடெட்.) 1957ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். 1962ல முதல் அனல் மின் நிலையத்துலேர்ந்து மின்சாரம் வந்துச்சு. சுரங்கம் தோண்ட ஆள் வேணும், ஆள் தங்க வீடு வேணும், வீடு இருக்க ஊர் வேணும். அப்படிக் காகிதத்துல வரைஞ்சு உருவாக்கின ஊர் இது. நேர்க்கோட்டு ரோடு, நம்பர் போட்ட பிளாக்குகள், பிள்ளைங்க நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம், வீட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் தோட்டம். அட்ரஸ் கேட்டா சாமி பேரோ தலைவர் பேரோ சொல்ல மாட்டோம், பிளாக் நம்பரைத்தான் சொல்லுவோம்.

இந்தத் திட்டமிடல்ல ரொம்ப நல்லது ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட்டா பாவம். வீடு ஒதுக்கினது வேலையோட தரத்தையும் சர்வீஸையும் பார்த்து. சாதி பார்த்து இல்ல. எங்க வரிசையில அடுத்தடுத்த வீட்டுல விருத்தாசலத்துக்காரர், மலையாளி, தெலுங்குக் குடும்பம், ராமநாதபுரத்துக்காரர்னு இருந்தாங்க. கிறிஸ்துமஸ் கேக்கும் ரம்ஜான் பிரியாணியும் பொங்கல் கரும்பும் மதில் தாண்டிப் போய்வரும். ஊர், சேரின்னு பிரிஞ்ச மண்ணுல ஒரு திட்டம் போட்டு இப்படி ஒரு தெருவை உண்டாக்க முடிஞ்சதே, அது சின்ன விஷயம் இல்ல. (வீட்டு டைப்பைப் பார்த்தே அப்பாவோட சம்பளத்தைச் சொல்லிடலாம்ங்கறது வேற விஷயம். ஒரு படிநிலை போனா இன்னொண்ணு வருது.)

ஆனா திட்டம் வரைஞ்சது ஒரு குறிப்பிட்ட வாழ்க்கைக்கு. அப்பா நிரந்தர வேலையில ஷிப்ட்டுக்குப் போவார், அம்மா வீட்டுல இருப்பாங்க, பிள்ளைங்க டவுன்ஷிப் பள்ளிக்கூடத்துல படிக்கும், ரிட்டையர் ஆனதும் சொந்த கிராமத்துக்குப் போயிடுவாங்க. இதுதான் 1960கள்ல மனசுல இருந்த குடும்பம். இப்ப அந்தக் குடும்பம் எங்க இருக்கு? நிரந்தர ஊழியர்கள் குறைஞ்சு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருகின காலம் இது. கோட்டர்ஸ் நிரந்தர ஊழியருக்குன்னு கட்டினது. ஒப்பந்தத் தொழிலாளி ஆர்ச் கேட்டுக்கு வெளியில வாடகைக்கு இருக்கார், இல்லைன்னா பக்கத்துக் கிராமத்துலேர்ந்து வண்டியில வர்றார். முப்பது வருஷம் ஒரே பிளாக்குல வாழ்ந்த மனுஷர் ரிட்டையர் ஆனதும் வீட்டைக் காலி பண்ணியாகணும். அவருக்குத் திரும்பிப் போக கிராமமும் இல்ல, போனாலும் அங்க யாரையும் தெரியாது. அதனால வடக்குத்து, இந்திரா நகர் பக்கமா ரெண்டு கிரவுண்டு வாங்கி வீடு கட்டிக்கிட்டு, காலையில வாக்கிங் மட்டும் பழைய பிளாக்குக்கே வர்றார்.

டவுன்ஷிப்புக்கு உள்ள போனீங்கன்னா மரம், அமைதி, அகலமான ரோடு, அங்கங்க செடி மண்டிப் பூட்டிக் கிடக்குற பழைய வீடுகள். கேட்டைத் தாண்டி வெளிய வந்தா கடை மேல கடை, வீட்டு மேல வீடு, நடக்க இடம் இல்ல. ஒரே ஊர், ஒரே மின் நிலையம், ஒரே சம்பளத்தை நம்பின வாழ்க்கை. நடுவுல ஒரு கோடு. உள்ள எதுவுமே மாறக்கூடாதுன்னு வச்சதால, மாற வேண்டியது எல்லாம் வெளிய போய்க் கொட்டிக்கிச்சு. மந்தாரக்குப்பம் பஜாருக்கு ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

இதுல இட்லி மாவு எங்க வந்துச்சுன்னு கேக்குறீங்களா? சொல்றேன். நான் பார்த்த எந்தக் குடியிருப்பா இருந்தாலும் அங்க ஒரு அக்கா இருப்பாங்க. வீட்டுல கிரைண்டர் போட்டு இட்லி மாவு விப்பாங்க. இன்னொரு அக்கா ஜாக்கெட் தைப்பாங்க. ஒரு ரிட்டையர்ட் சார் கணக்கு டியூஷன் எடுப்பார். வரைபடத்துல அந்த வீடு "குடியிருப்பு". வரைபடத்தை எழுத்துக்கு எழுத்து வாசிச்சா அது வணிகம். ஆனா அந்த அக்கா இல்லைன்னா தெருவுல பாதி வீட்டுல காலை டிபன் கிடையாது. ஒரு நகரத்துக்குள்ள வாழ்க்கை எப்படி நடக்குதுங்கறதுக்கும், வரைபடத்துல என்ன கலர் இருக்குங்கறதுக்கும் உள்ள தூரம் இதுதான்.

இந்தத் தூரம் ரொம்ப அதிகமானா என்ன ஆகும்ங்கறதுக்கு டெல்லியைப் பாருங்க. அங்க குடியிருப்புப் பகுதியில வருஷக்கணக்கா லட்சக்கணக்கான கடைகள் நடந்துக்கிட்டு இருந்துச்சு. 2006 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அதையெல்லாம் பூட்டி சீல் வைக்கச் சொல்லுச்சு. கடையடைப்பு, மறியல், கலவரம், உயிர்ப்பலின்னு ஊரே கொந்தளிச்சுது. நீதிமன்றத்தைக் குத்தம் சொல்லவும் முடியாது, விதியில எழுதியிருந்ததைத்தான் அமல்படுத்தச் சொன்னாங்க. கடைக்காரரைக் குத்தம் சொல்லவும் முடியாது, டெல்லி வளர்ந்த வேகத்துக்குத் திட்டத்துல வணிக இடமே ஒதுக்கல. கடைசியில அந்த வருஷமே முழுமைத் திட்டத்தைத் திருத்தி, ரெண்டாயிரத்துக்கும் மேல தெருக்கள்ல வீடும் கடையும் கலந்து இருக்கலாம்னு அறிவிச்சாங்க. 2007 பிப்ரவரியில வந்த 2021க்கான முழுமைத் திட்டத்துலயும் இந்தக் கலப்பு உபயோகத்துக்கு இடம் கொடுத்தாங்க. முன்னாடியே நிதானமா யோசிச்சுச் செய்திருந்தா இத்தனை ரத்தமும் கண்ணீரும் தேவைப்பட்டிருக்காது.

நம்ம சென்னை இந்த விஷயத்துல கொஞ்சம் சமர்த்து. 2008ல வந்த ரெண்டாவது முழுமைத் திட்டத்தோட விதிகள்ல, சுத்தமான குடியிருப்புன்னு சொல்ற பகுதியிலேயே பெட்டிக்கடை, பால் பூத், சைக்கிள் ரிப்பேர், ஒரே ஆள் வச்சு நடத்துற தையல் கடை இதெல்லாம் இருக்கலாம்னு எழுதி வச்சிருந்தாங்க. "ஒரே ஆள் தையல் கடை"ன்னு படிச்சப்ப எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. யாரோ ஒரு அதிகாரி அந்த விதியை எழுதும்போது தன் தெருவுல இருந்த தையல்காரரை நினைச்சிருக்கணும்.

ஜப்பான்ல இதை இன்னும் அழகாச் செய்யறாங்க. அங்க நாடு முழுக்க ஒரே மாதிரி பதிமூணு வகை மண்டலம். ரொம்ப அமைதியான குடியிருப்பு மண்டலத்துலகூட வீட்டோட சேர்ந்த சின்னக் கடைக்கு இடம் உண்டு. "இங்க இது மட்டும்தான்"னு அவங்க சொல்றது இல்ல. "இங்க இந்த அளவுக்கு மேல தொந்தரவு கூடாது"ன்னு சொல்றாங்க. கேக்க ஒரே மாதிரி தோணும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு.

அப்ப தளர்த்திட வேண்டியதுதானே, பதிவை முடிச்சிடலாமேன்னு நினைக்காதீங்க. இங்கதான் சிக்கலே ஆரம்பிக்குது. தளர்வுங்கற வார்த்தையைச் சின்னவன் சொன்னா ஒரு அர்த்தம், பெரியவன் சொன்னா வேற அர்த்தம். சென்னையில 1998ல விதிமீறின கட்டடங்களை ஒரே ஒரு தடவை வரன்முறைப்படுத்தலாம்னு சட்டத்துல 113-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. ஒரே தடவைங்கறது அப்புறம் அடுத்தடுத்து நீண்டுக்கிட்டே போச்சு. 2006ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்ய வேண்டியதாச்சு. விதியை மதிச்சுக் கட்டினவன் முட்டாள், மீறினவன் புத்திசாலின்னு ஆயிடுச்சுன்னா அதுக்குப் பேர் தளர்வு இல்ல, விலைப்பட்டியல்.

எங்க ஊருக்கு இன்னும் பெரிய உதாரணம் இருக்கு. நில உபயோக மாற்றம்னா இங்க வீட்டைக் கடையா மாத்தறது இல்ல. வயலைப் பள்ளமா மாத்தறது. நான் பொறந்ததுலேர்ந்து பார்த்துக்கிட்டு இருக்கற ராட்சச மண்வெட்டி மிஷின் ஒரு பக்கம் சுத்துது, இன்னொரு பக்கம் மேல்மண் மலையாக் குவியுது. அந்தப் பள்ளத்து இடத்துல ஒரு காலத்துல ஊர் இருந்துச்சு, கோவில் இருந்துச்சு, முந்திரித் தோப்பு இருந்துச்சு. எங்க வீட்டு ஃபேன் சுத்தினது அந்தப் பள்ளத்துலேர்ந்து வந்த நிலக்கரியில. இதை மறைச்சுட்டு நான் நகரத் திட்டம் பேசக்கூடாது.

2023 ஜூலையில வளையமாதேவியில நடந்ததை டிவியில எல்லாரும் பார்த்திருப்பீங்க. பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காகக் கதிர் வர்ற நிலையில இருந்த நெல் வயல்ல மிஷின் இறங்குச்சு. நிலம் பல வருஷம் முன்னாடியே கையகப்படுத்தினது, காகிதத்துல அது வயலே இல்லன்னு ஒரு தரப்பு. பயிர் கண்ணு முன்னாடி நிக்குதேன்னு இன்னொரு தரப்பு. கடைசியில பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. வரைபடத்துல ஒரு கலர், தரையில ஒரு கலர். இட்லி மாவு அக்கா வீட்டுல இருந்த அதே தூரம்தான், ஆனா இங்க அந்தத் தூரத்துல சிக்கினது ஒரு போகம் நெல்லு.

அதே 2023ல இன்னொண்ணும் நடந்துச்சு. மத்திய அரசு ஏலம் விட அறிவிச்ச நிலக்கரிப் பகுதிகள்ல வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதின்னு மூணு டெல்டாப் பக்கத்து இடங்கள் இருந்துச்சு. 2020ல தமிழ்நாடு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டிக் காட்டி மாநில அரசு எதிர்த்துச்சு. விவசாயிகளும் எதிர்த்தாங்க. சில நாள்லயே ஏப்ரல் மாசத்துல அந்த மூணையும் ஏலத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்தச் சட்டமும் ஒரு நில உபயோகத் திட்டம்தான். "இது வயல், வயலாவே இருக்கும்"னு அடிச்ச பச்சைக் கலர். அது வளைஞ்சு கொடுக்காம நின்னதுதான் அன்னிக்கு உதவுச்சு.

அப்ப கறார் நல்லதா, தளர்வு நல்லதா? எனக்குத் தோணுற பதில் இதுதான். ஒரு உபயோகத்தைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமான்னு கேக்கணும். தையல் மிஷினை நாளைக்கே எடுத்து ஓரமா வச்சா அது மறுபடி வீடு. டியூஷன் நின்னா திண்ணை மறுபடி திண்ணை. பூட்டிக் கிடக்குற வீட்டை ஒப்பந்தத் தொழிலாளி குடும்பத்துக்கு மூணு வருஷக் குத்தகைக்கு விட்டா, மூணு வருஷம் கழிச்சு அது அதே வீடு, செடி மண்டாம இன்னும் நல்லாவே இருக்கும். இதுக்கெல்லாம் விதி வளையணும், நல்லாவே வளையணும். ஆனா ஏரியை மூடி மனை போட்டா ஏரி திரும்ப வராது. வயலைத் தோண்டினா மேல்மண்ணு திரும்ப அதே மண்ணா ஆக பல தலைமுறை வேணும். சுரங்கத்தை மூடி மரம் நட்டு வச்சிருக்கற இடங்கள் எங்க ஊர்ல இருக்கு, பச்சையா அழகாத்தான் இருக்கு, ஆனா பழைய ஊர் அங்க இல்ல. இங்கெல்லாம் விதி வளையக்கூடாது. வளைக்கறதா இருந்தா எல்லாருக்கும் தெரிய, எல்லாரையும் கேட்டு, அவங்க மொழியில கேட்டு வளைக்கணும்.

நம்ம நாட்டுல நடக்கறது பெரும்பாலும் தலைகீழ். மாவு விக்கிற அக்கா பயந்து பயந்து போர்டு வைக்காம விக்கிறாங்க. ஆயிரம் ஏக்கர் கலர் மாறினா பொடி எழுத்துல ஒரு அறிவிப்பு வருது.

நெய்வேலிக்கு என்ன செய்யலாம்? என் சிற்றறிவுக்கு எட்டினது மூணு. ஒண்ணு, வீட்டோட செய்யற சின்னத் தொழில்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, சத்தம், குப்பை, வண்டி நிறுத்தம் இதுக்கு மட்டும் அளவு வச்சு வெளிப்படையா அனுமதிக்கலாம். ரெண்டு, காலியா இருக்கற வீடுகளை ரிட்டையர் ஆனவங்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் குத்தகைக்கு விடலாம். கேட்டுக்கு வெளிய நெருக்கடி குறையும், உள்ள ஊர் உயிரோட இருக்கும். மூணு, இதையெல்லாம் முடிவு பண்ற இடத்துல குடியிருக்கறவங்களுக்கும் ஒரு நாற்காலி வேணும். எங்களுக்கு எம்.எல்.ஏ. உண்டு (2011 தேர்தல்லேர்ந்து நெய்வேலிக்குன்னே ஒரு தொகுதி). ஆனா மத்த ஊர் மாதிரி ஓட்டுப் போட்டு அனுப்பின வார்டு கவுன்சிலர் கிடையாது. தெருவுல லைட் எரியலைன்னா நிர்வாகத்துக்கிட்ட சொல்லலாம், சரியாவும் பண்ணுவாங்க. ஆனா இந்தத் தெரு அடுத்த இருபது வருஷம் எப்படி இருக்கணும்னு சொல்ல ஒரு இடம் இல்ல.

1962ல ஆரம்பிச்ச அந்த முதல் அனல் மின் நிலையத்தை 2020ல மூடிட்டாங்க. நிலக்கரியும் என்னிக்கோ ஒருநாள் தீரும், இல்லைன்னா தீர்றதுக்கு முன்னாடியே உலகம் அதை வேண்டாம்னு சொல்லிடும். அன்னிக்கு ஒரு தொழிலுக்காக மட்டும் வரைஞ்ச ஊர் என்ன ஆகும்ங்கறதுதான் உண்மையான கேள்வி. தங்கம் எடுத்து முடிச்ச கோலார் தங்கவயல்ல 2001ல சுரங்கத்தை மூடினாங்க. இன்னிக்கும் அங்கேர்ந்து ஆயிரக்கணக்கானவங்க விடிகாலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு ராத்திரி திரும்பறாங்க. ஊர் இருக்கு, ஊருக்குள்ள பிழைப்பு இல்ல. நெய்வேலி அப்படி ஆகக்கூடாதுன்னா கடையும் பட்டறையும் சின்னச் சின்னத் தொழிலும் இப்பவே உள்ள வேர் பிடிக்கணும். சுரங்கம் மூடின மறுநாள் வரைபடத்தைத் திருத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

கல்பாக்கம், திருச்சி பெல், தூத்துக்குடி ஸ்பிக் நகர்னு என்னை மாதிரி டவுன்ஷிப்ல வளர்ந்த பசங்க யாராச்சும் இதைப் படிச்சா, உங்க ஊர்ல இது எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க. பக்கத்துக் கிராமத்துலேர்ந்து படிக்கிறவங்க கண்டிப்பா சொல்லுங்க, திட்டினாலும் பரவாயில்ல. கோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா இந்த வரைபடம் வேற மாதிரிதான் தெரியும்.

பி.கு: மாவு எங்க கிடைக்கும்னு மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்.